உள்ளே ஒளிய முடியாத ஆமை



பாற்கடலைக் கடைந்த கதை நமக்கெல்லாம் சின்ன வயசிலேயே தெரியும். மந்தர மலை மத்து, வாசுகி கயிறு. மலை கடலுக்குள் முழுகத் தொடங்கியதும் திருமால் ஆமையாகப் போய் அடியில் தாங்கினார். கயிற்றை இழுத்தவர்களை எல்லாரும் பார்த்தார்கள், தாங்கியவர் தண்ணீருக்குள் இருந்தார். காஞ்சிபுரம் கச்சபேசுவரர் கோயிலில் அந்தக் கூர்மமே சிவபெருமானை வழிபட்டதாகத் தலவரலாறு சொல்கிறது. இப்படிச் சைவம், வைணவம் ரெண்டிலும் இடம்பெற்ற உயிரைத்தான் "ஆமை புகுந்த வீடு உருப்படாது" என்றும் நம்ம ஆட்கள் சொல்கிறார்கள். வேடிக்கைதான்.

திருக்குறளிலும் கீதையிலும் ஆமை நமக்கு ஆசிரியர். அது உறுப்புகளை ஓட்டுக்குள் இழுத்துக்கொள்வது போல ஐம்புலன்களையும் அடக்கு என்பது பாடம். ஆனால் கடலாமையால் அது முடியாது. நீந்துவதற்காகக் கால்கள் துடுப்பாகி, ஓடும் தட்டையாகிவிட்டது. தலையும் துடுப்பும் எப்போதும் வெளியேதான். கரையேறிய கடலாமையால் ஓடவும் முடியாது, ஒளியவும் முடியாது. அதன் முன்னால் அடங்க வேண்டியது நாம்தான்.

அடங்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்குத் திரங்கானுவின் ரந்தாவ் அபாங் சாட்சி. 1950களில் அங்கே பேராமைகள் (மலாயில் பென்யு பெலிம்பிங்) ஓராண்டில் 10,000 கூடுகள் வரை இட்டன. முட்டையைத் தின்றோம், வலையில் சிக்கவிட்டோம். இன்று அங்கே பேராமையைப் பார்ப்பதே அரிது. காப்பாற்ற நினைத்தவர்கள் பொரிப்பகம் நடத்தினார்கள். மணலின் சூடுதான் குஞ்சு ஆணா பெண்ணா என்று தீர்மானிக்கும். பொரிப்பக மணல் சூடாக இருந்ததால் குஞ்சுகளில் ஏறக்குறைய எல்லாமே பெண் என்று பிறகுதான் தெரிந்தது. பொறியியல் படிக்கிறவன் என்பதால் இது என்னை ரொம்பவே உறுத்துகிறது. பக்தியோடு வெப்பமானியும் வேணும். எல்லா வகை ஆமை முட்டை விற்பனையையும் திரங்கானு தடை செய்தது 2022 ஜூன் 1-இல்தான்.

இனி நம்ம பக்கம் வருவோம். போர்ட் கிள்ளான் கப்பல்கள் போகும் அதே மலாக்கா நீரிணையில், தெற்கே மஸ்ஜிட் தானா அருகில் பாடாங் கெமுந்திங் இருக்கிறது. தீபகற்ப மலேசியாவில் அழுங்காமை அதிகமாக முட்டையிடுவது இந்த மலாக்கா கரையில்தான். இங்கே முட்டை எடுக்க உரிமம் பெற்ற கம்போங்காரர்கள் உண்டு. முன்பு எடுத்தது பசாருக்குப் போகும். இப்போது மீன்வளத் துறையின் பொரிப்பகத்தில் ஒப்படைக்கிறார்கள், அதற்குப் பணம் கிடைக்கிறது. "காசுக்குத்தானே செய்றாங்க" என்று இளக்காரமாகப் பேச வேண்டாம். இருட்டில் மைல் கணக்கில் நடந்து, தடத்தைப் படித்து, குச்சியால் மணலை மெல்லக் குத்தி, கூடு எங்கே என்று கண்டுபிடிக்கும் கை அவர்களுடையது. நூறுக்கும் மேற்பட்ட முட்டைகளைச் சில மணி நேரத்துக்குள், மேல்பக்கம் கீழே புரளாமல் எடுத்துப் போக வேண்டும். தாமதித்துப் புரட்டினால் கரு செத்துவிடும். அவர்கள் கூர்ம அவதாரத்தை நம்புகிறவர்கள் அல்ல. ஆனாலும் கோயிலில் கூர்மத்துக்குத் தீபம் காட்டும் நம்மைவிட அவர்கள்தான் ஆமைக்குப் பக்கத்தில் இருக்கிறார்கள். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை.

பெங்காலான் பாலாக் கடற்கரையில் முகாம் போட நினைக்கும் கிளைகளுக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டின் நடுமாதங்கள் முட்டையிடும் காலம். பஜனை முடிந்ததும் கடல் பக்கத்து விளக்குகளை அணைத்துவிடுங்கள். வாணவேடிக்கை வேண்டாம், கைப்பேசி ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். வெளிச்சத்தைக் கண்டால் தாய் முட்டையிடாமலே திரும்பிவிடும். குஞ்சுகளோ வெளிச்சத்தைக் கடல் என்று நம்பி ரோட்டுப் பக்கம் ஊர்ந்து போகும். மணலில் தடம் கண்டால் அழிக்காதீர்கள், தோண்டியும் பார்க்காதீர்கள். பாடாங் கெமுந்திங் ஆமை நிலையத்துக்குச் சொல்லுங்கள். கம்போங் பெரியவர் ஒருவர் குச்சியோடு வந்தால், அவருக்குப் பத்தடி பின்னால், பேசாமல் நடங்கள்.