எண்ணற்ற பிழைகளா?

சங்கியாதம், அசங்கியாதம், அனந்தம் என எண்ணை மூவகையாகப் பகுத்தனர் நம் ஆசாரியர்கள். சுவேதாம்பரர் போற்றும் அநுயோகத்துவார சூத்திரம், காலத்தை அளக்கச் சீர்ஷப்பிரஹேலிகை என்றோர் எண்ணைக் கூறும். 84 லட்சத்தை 28 இடங்களில் வைத்துத் தம்முள் பெருக்க வருவது அது. 194 இலக்கங்கள், அவற்றுள் கடைசி 140-உம் சுழிகள். 2, 3, 5, 7 என்னும் நான்கைத் தவிர வேறெந்தப் பகா எண்ணும் அதனை மீதியின்றி வகுப்பதில்லை. 28 இரட்டையாதலால் அது முழு வர்க்கமுமாம். காணத்தக்க அண்டத்தின் அணுக்களுக்கு இக்கால அறிவியலார் கூறும் மதிப்போ 80 இலக்கங்களை ஒட்டியதே. ஆயினும் சீர்ஷப்பிரஹேலிகை சங்கியாதமே; அசங்கியாதத்தின் வாயிலை அது எட்டவில்லை.

இவ்வளவு நுணுகிப் பகுத்தவர் வழிவந்த நாம், பிரதிக்கிரமணத்தில் அமர்ந்து, 'எண்ணற்ற பிழை செய்தேன்' என எளிதாகச் சொல்லி எழுகிறோம். கிழங்கினுள் வாழும் நிகோத உயிர்கள் அனந்தம். ஆங்கு அச்சொல் தகும். ஆனால் நேற்று வேலையாளிடம் கூறிய கடுஞ்சொற்கள் எத்தனை? மூன்றோ நான்கோ இருக்கலாம். கடைக் கணக்கில் காலணாவையும் விடாத நமக்கு இதை எண்ணத் தெரியாதா? பணிவு போல் தோன்றும் அச்சொல், அவ்வேலையாளின் முகத்தை நம் நினைவிலிருந்து மறைத்துவிடுகிறது. எண்ணினால் அவரிடம் சென்று பொறுத்தருளக் கேட்க வேண்டிவரும் அல்லவா?

கோவில்பட்டியை அடுத்த கழுகுமலைக்குச் செல்லும் அன்பர்கள், பாறையில் வரிசையாய் அமர்ந்த ஜினபிம்பங்களின் கீழே சற்றுக் குனிந்து நோக்குக. இன்னார் செய்வித்தது என, பலவற்றிற்கும் தனித்தனியே வட்டெழுத்தில் பொறித்திருக்கின்றனர்.