மறைந்து வாழ்ந்த சிறுவனும் வாய்மையும்

பொய்யுரைத்தல் எந்நிலையிலும் அறத்தவறாகுமா? 1797 ஆம் ஆண்டில் இவ்வினாவை ஆராய்ந்த ஜேர்மன் மெய்யியலாளர் இமானுவேல் கான்ற், ஆம் என்றே விடையிறுத்தார். நண்பனைத் துரத்திவரும் கொலையாளி, அவன் எம் வீட்டில் ஒளிந்துள்ளானா எனக் கேட்பினும் பொய் கூறலாகாது என்பது அவர் முடிபு. உண்மையுரைத்தல் மனிதகுலம் முழுவதற்கும் நாம் செலுத்தவேண்டிய கடன் என அவர் கொண்டார்.

கான்றின் எடுத்துக்காட்டில் ஒளிந்திருப்பவன் ஒருவன். விடை சொல்பவன் மற்றொருவன். இருவரும் ஒரே சிறுவனாயின்?

எழுத்தாளர் அஹரோன் அப்பெல்ஃபெல்ட்டின் வாழ்வு இவ்வினாவை எழுப்புகின்றது. 1932 இல், அன்று உருமேனியாவிலிருந்த செர்னோவிற்ஸ் நகருக்கு அண்மையில், ஜேர்மன் பேசும் யூதக் குடும்பத்திற் பிறந்தவர் அவர். 1941 இல் தாய் கொல்லப்பட்டார். தந்தையுடன் திரான்ஸ்னிஸ்திரியாப் பகுதி முகாமுக்கு இட்டுச்செல்லப்பட்ட சிறுவன், அங்கிருந்து தப்பி, உக்ரேனியக் காடுகளிலும் கிராமங்களிலும் தனித்தலைந்தான். தான் யூதன் என்பதை மறைத்து, பிறரிடம் ஏவல்செய்து உயிர் பிழைத்தான்.

இச்சிறுவனைப் பொய்யன் எனல் பொருந்தாது. விடையைக் கேட்டபின் உயிரோடிருக்க விடுபவரிடையேதான் வினா வினாவாக இருக்கும். யூதன் என்ற சொல்லே மரணத் தீர்ப்பாகிய விடத்து, "நீ யார்?" என்பது கொலைக்கருவி. அதற்கு உண்மையைக் கையளிக்கும் கடப்பாடு எவர்க்கும் இல்லை.

ஆயினும் கான்றை எளிதிற் புறந்தள்ளல் ஆகாது. பொய் அதனைச் சொல்பவனையே சிதைக்கும் என்பதும் அவர் கருத்து. மறைந்து வாழ்ந்த ஆண்டுகளில் வாய்திறப்பதே ஆபத்தாயிற்று. சிறுவனின் தாய்மொழி மெல்லத் தேய்ந்தது. 1946 இல் பலஸ்தீனத்தை அடைந்தபோது தனக்கென முழுமையான மொழியொன்று அவனிடம் இருக்கவில்லை. பின்னர் முயன்று கற்ற எபிரேயத்திலேயே, 2018 இல் மறையும்வரை, அவர் எழுதினார். குற்றமற்ற பொய்யும் காயப்படுத்தவே செய்தது.

அக்காயத்தை யார் கணக்கில் எழுதுவது? உண்மை மனிதகுலத்திற்குரிய கடனாயின், குழந்தை தன் பெயரை அச்சமின்றிச் சொல்லக்கூடிய உலகு மனிதகுலம் அக்குழந்தைக்குச் செலுத்தவேண்டிய முற்கடனாகும். அக்கடன் செலுத்தப்படவில்லை; ஏறத்தாழ 15 இலட்சம் யூதச் சிறுவர் கொல்லப்பட்டனர். எனவே, தப்பியவனின் பொய்யை மன்னித்தல் எமது பெருந்தன்மை அன்று. மன்னிக்கும் தகுதி கடன்பட்டவர்க்கு இல்லை.