பட்டம் வேண்டாம், பந்தி போதும்

1867-இல் இராமலிங்க அடிகள் வாழ்வில் இரண்டு காரியங்கள் நடந்தேறின. அன்பர்கள் மன்றாடிக் கேட்டதற்கு இணங்கி அவர் கொடுத்த பாடல்கள் திருவருட்பா என்ற நூலாக அச்சேறின. இன்னொன்று அவரே முன்னின்று செய்தது. அந்த ஆண்டு மே 23 அன்று, நெய்வேலிக்குப் பக்கத்து வடலூரில், பசித்தவர்களுக்குச் சோறிடும் சத்திய தருமச்சாலையின் அடுப்பு மூட்டப்பட்டது.

நூல் வெளிவருவதில் அவருக்கு இருந்த கவலை பெயரைப் பற்றியது. 'இராமலிங்கசாமி' என்று தம்மை வழங்குவதில் தமக்குச் சம்மதம் இல்லை, அது ஆரவாரமான பெயராகப் படுகிறது என்று அன்பர் இறுக்கம் இரத்தின முதலியாருக்கு எழுதினார். தம் கடிதங்களில் 'சிதம்பரம் இராமலிங்கம்' என்றே கையெழுத்திட்டார். காவி கட்டவில்லை, வெள்ளை வேட்டியும் முக்காடும்தான்.

பட்டத்துக்குக் கூசியவர் அடுப்புக்குக் கூசவில்லை. 21 அடி நீளமும் இரண்டரை அடி அகலமுமாக அதை அமைத்தார். பார்வதிபுரத்து மக்கள் தருமச்சாலைக்கென ஏறத்தாழ 80 காணி நிலத்தை எழுதிக் கொடுத்தார்கள். வழிபாட்டுக்கான சத்திய ஞானசபை எழுந்தது 1872-இல்தான். முதலில் சோறு, ஐந்து ஆண்டு கழித்தே சபை.

அந்த வரிசைக்குப் பின்னால் ஒரு தத்துவச் சண்டை இருக்கிறது. பசித்துக் கிடப்பவன் தன் முன்வினையை அனுபவிக்கிறான். அவனுக்குச் சோறு போட்டால் கடவுள் விதித்த தண்டனையில் தலையிட்டதாகாதா? சமயம் படித்தவர்களே கேட்ட கேள்வி இது. இரக்கத்துக்கும் கஞ்சத்தனத்துக்கும் நடுவே வசதியாக ஒளிந்துகொள்ள இடம் தரும் கேள்வியும்கூட.

ஜீவகாருண்ய ஒழுக்கம் என்ற உரைநடை நூலில் அடிகள் இதற்கு விடை சொல்கிறார். பெருங்குற்றம் செய்து விலங்கு பூட்டப்பட்டவனுக்கும் அரசன் சிறையில் சோறு போடுகிறான். வேலையிலிருந்து துரத்தப்பட்டவன் ஊரூராக அலைகையில் ஒரு குடும்பத்தார் இரங்கி உணவளித்தால், அதைக் கேள்விப்படும் அரசன் கோபிப்பதில்லை, மகிழ்கிறான். அரசனுக்கே அந்தப் பெருந்தன்மை இருக்கும்போது கடவுளுக்கு இருக்காதா? வினைக் கொள்கையை அவர் மறுக்கவில்லை. அதைச் சாக்காகச் சொல்ல வழியில்லாமல் செய்துவிட்டார்.

பசித்தவனிடம் சாதி, சமயம், ஊர், நடத்தை எதையும் விசாரிக்கக் கூடாது என்பது அவர் வகுத்த முறை. புலால் மறுப்பில் அத்தனை கண்டிப்பானவர் அவர். ஞானசபைக்குள் புக, கொலையும் புலாலும் தவிர்த்திருக்க வேண்டும். பந்தியில் உட்காரவோ பசி ஒன்றே போதும்.

1874 ஜனவரி 30 அன்று வடலூரை அடுத்த மேட்டுக்குப்பத்தில் அறைக்குள் சென்றவர் திரும்பி வரவில்லை. இரண்டே ஆண்டில் தென்னிந்தியாவைப் பெரும்பஞ்சம் பிடித்தது. அவர் மூட்டிய அடுப்போ 'அணையா அடுப்பு' என்ற பெயரோடு இன்றும் எரிகிறது.

பட்டம் வேண்டாதவருக்கு இப்போது பெருமைகள் குவிகின்றன. அவர் பிறந்த அக்டோபர் 5-ஐத் தனிப்பெருங்கருணை நாள் என்று தமிழக அரசு 2021-இல் அறிவித்தது. ஞானசபையைச் சுற்றியுள்ள வடலூர்ப் பெருவெளியில் சர்வதேச மையம் கட்ட 2024-இல் அடிக்கல் நாட்டியபோது, வெளி வெளியாகவே இருக்கட்டும் என்று அவர் வழி நடக்கும் சன்மார்க்கிகளிலும் உள்ளூர் மக்களிலும் பலர் எதிர்த்தார்கள். வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அங்கே வாதம் நடந்த நாள்களிலும் தருமச்சாலையில் அரிசி களைந்தார்கள், இலை போட்டார்கள். உட்கார்ந்தவர்களிடம் பெயர் கேட்கவில்லை.