பெற்றவள் பெறாதது

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

குலசேகராழ்வார் பெருமாள் திருமொழியில் அடுத்தடுத்து மூன்று பெற்றோரின் திருவுள்ளத்தைத் தம்முடையதாக்கிக் கொண்டு அருளிச்செய்கிறார். ஏழாம் திருமொழி தேவகியின் புலம்பல். எட்டாவது கௌசல்யையின் தாலாட்டு. ஒன்பதாவது தசரதனின் கதறல். தசரதன் கதறுவதன் காரணம் வெளிப்படை: மகன் வனம் சென்றான். தேவகியின் நிலை அப்படியன்று. கண்ணன் கம்ஸனை முடித்துவிட்டான், சிறை நீங்கியது, மகன் எதிரே வந்து நிற்கிறான். மகிழ வேண்டிய இவ்வேளையில் அவள் புலம்புவானேன்?

அவள் இழந்தது மகனை அன்று. அவனுடைய பிள்ளைப் பருவத்தை. தாலாட்டியதில்லை, முலை கொடுத்ததில்லை, அவன் தளர்நடையையும் வெண்ணெய் அளைந்த கையையும் கண்டதில்லை. அவை அனைத்தையும் யசோதை பெற்றாள், தான் ஒன்றும் பெறவில்லை என்கிறாள். ஸர்வேச்வரனே மகனாக வந்தும், சென்ற பருவம் மீளவில்லை என்பதை ஆழ்வார் மறைக்காமல் காட்டுகிறார். யசோதையின்மீது அவளுக்குப் பொறாமைச் சொல் ஒன்றும் இல்லை. அவளைத் தெய்வப் பெண்ணாகவே போற்றுகிறாள். ஆயினும் தன் இழவு இழவே என்பதில் அவள் தளரவில்லை.

இப்பதிகத்தை இன்று எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. நம் சென்னையிலேயே, புளியந்தோப்பில், 1999-ஆம் ஆண்டு ஏழைக் குடும்பங்களிலிருந்து சிறு குழந்தைகள் திருடப்பட்டார்கள். 2005-இல் காவல்துறையினர் சிலரைக் கைது செய்தபோது வெளிவந்த செய்தி இது: குழந்தைகள் மலேசியன் சோஷியல் சர்வீஸ் என்னும் தத்து நிறுவனத்திற்கு விற்கப்பட்டு, பெற்றவளே ஒப்படைத்ததாகப் பொய்ப் பத்திரம் எழுதப்பட்டு, வேறு பெயருடன் கடல் கடந்து அனுப்பப்பட்டிருந்தனர். வழக்கு பின்னர் உயர்நீதிமன்ற ஆணையால் மத்தியப் புலனாய்வுத் துறையிடம் சென்றது. ஒரு குழந்தை அமெரிக்காவிலும் மற்றொரு குழந்தை நெதர்லாந்திலும் வளர்வதாகத் துப்புக் கிடைத்தது. அன்றாடக் கூலியில் வாழ்ந்த ஒரு தாயும் தந்தையும் மரபணுச் சோதனை வேண்டி நெதர்லாந்து நீதிமன்றம் வரை சென்றார்கள்.

திருடப்படுவது ஒரு வகை. கையெழுத்து வாங்கிக்கொண்டு பறிப்பது மற்றொரு வகை. ஆஸ்திரேலியாவில் பல பத்தாண்டுகளாக மணமாகாத இளம் தாய்மார்களை அச்சுறுத்தியும் அவமானப்படுத்தியும் கையெழுத்துப் பெற்றுக் குழந்தைகளைப் பிரித்தார்கள். அந்நாட்டுப் பிரதமர் ஜூலியா கில்லார்ட் 2013 மார்ச் 21 அன்று நாடாளுமன்றத்தில் அத்தாய்மார்களிடம் மன்னிப்புக் கோரினார். நெதர்லாந்து அரசும், இலங்கை உள்ளிட்ட நாடுகளிலிருந்து நடந்த தத்துகளை ஆராய்ந்த குழுவின் அறிக்கைக்குப் பின், 2021 பிப்ரவரியில் மன்னிப்புக் கேட்டது.

நம் இதிஹாஸ புராணங்களில் இவ்விரு வகைத் தாய்மாரும் இருக்கிறார்கள். பிறந்து பத்து நாள் ஆகுமுன்னே ப்ரத்யும்னனைச் சம்பரன் பிரசவ அறையிலிருந்து கவர்ந்து கடலில் எறிந்தான் என்கிறது ஸ்ரீமத் பாகவதம். மாயாவதியிடம் வளர்ந்து காளையாகத் திரும்பியவனைக் கண்ட ருக்மிணிப் பிராட்டி, காணாமற்போன தன் மகன் உயிரோடிருந்தால் இந்த வயதும் இந்த வடிவமும் பெற்றிருப்பானே என்று நினைத்தாள். ஆண்டுதோறும் மனத்துக்குள் வயதைக் கூட்டிக்கொண்டே வந்தவளால்தான் அப்படி நினைக்க முடியும். மயிலையிலிருந்து சிறிது தொலைவே உள்ள திருவல்லிக்கேணியில் வேங்கடகிருஷ்ணனோடு ஒரே கருவறையில் ருக்மிணிப் பிராட்டியும் அந்த ப்ரத்யும்னனும் எழுந்தருளியிருக்கிறார்கள். பறிகொடுத்த தாயையும் மீண்ட பிள்ளையையும் ஒருசேர ஸேவிக்கும் ஸந்நிதி அது.

தேவகியோ மற்ற வகை. குழந்தையை வஸுதேவர் தம் கையாலேயே கோகுலத்துக்கு எடுத்துச் சென்றார், தேவகியும் தடுக்கவில்லை. அதனால் அவள் மனமுவந்து கொடுத்தாள் என்று யாரேனும் சொல்வார்களோ? கம்ஸனுடைய வாளின்கீழ் கிடைத்த இசைவு இசைவன்று. தகப்பனின் கோபம், ஊரின் ஏச்சு, வறுமை, மருத்துவமனையில் தனித்து விடப்பட்ட அச்சம், இவையும் அவ்வாள் போன்றவையே.

இனி, இருபது ஆண்டுகளுக்குப்பின் அத்தாய் தேடத் தொடங்கினால், அது தகுமா? இங்குச் சொல்லப்படும் ஆக்ஷேபங்கள் மூன்று.

முதலாவது: பிள்ளை அங்கே வசதியாக வாழ்கிறான், தமிழே அறியான், ஏன் கலைக்க வேண்டும்? பின்வந்த நன்மை முன்செய்த பாபத்தைத் தர்மமாக்காது. கோகுலத்தில் கண்ணன் பெற்ற சீராட்டைக் காட்டிக் கம்ஸனை எவரும் விடுவித்ததில்லை. மேலும், ஏழையின் பிள்ளை செல்வரிடம் வளர்வதே நலம் என்று ஒப்பினால், எந்த ஏழையின் தொட்டிலுக்கும் காவல் இராது.

இரண்டாவது: வளர்த்தவள் குற்றமற்றவள், அவளை வருத்தலாமா? இங்கு அடியேனுக்குப் பழகிய வங்கித் தொழிலிலிருந்து ஒரு நியாயம் நினைவுக்கு வருகிறது. காசோலையில் உரியவரின் கையொப்பம் பொய்யாயின், அது எத்தனை நல்லவர்களின் கைமாறி வந்தாலும் அதனால் உரிமை பிறவாது. கடைசியில் பெற்றவர் நேர்மையானவர் என்பது அவரைக் குற்றத்திலிருந்து காக்கும், பொய்யை மெய்யாக்காது. ஆனால் இந்த நியாயம் பாதி வழியே வரும். காசோலையைத் திருப்பித் தரலாம். பிள்ளையைத் தர இயலாது. ஏனெனில் அவன் எவருடைய சொத்தும் அல்லன். ஆத்மா எம்பெருமான் ஒருவனுக்கே ஸ்வம் என்பது நம் ஸித்தாந்தம். பெற்றவள், வளர்த்தவள் இருவருமே அவன் பொருளைக் காக்க நியமிக்கப்பட்டவர்கள். ஆகவே 'இவன் யாருக்குச் சொந்தம்' என்ற கேள்வியே பிழை. 'யாரிடமிருந்து எது மறைக்கப்பட்டது' என்பதே கேட்கத்தக்கது.

மூன்றாவது ஆக்ஷேபம் நம்மவர்களிடமிருந்தே வருவது. தேக ஸம்பந்தம் கர்மத்தால் வந்தது. மமகாரத்தை விடுவதன்றோ ப்ரபந்நனுக்கு அழகு. அத்தாய் எம்பெருமான்மேல் பாரத்தை இட்டுத் தேறியிருக்கலாகாதோ? கேட்பதற்கு உயர்ந்ததாகத் தோன்றும் இவ்வார்த்தையை அடியேன் மிகவும் அஞ்சுகிறேன். மமகாரத் தியாகம் ஒருவன் தன் பொருளில் தான் செய்துகொள்வது. பறிகொடுத்தவளிடம் பிறர் போதிப்பதன்று. அரச செல்வத்தைத் துச்சமாக எண்ணிய குலசேகரரே தேவகியிடம் 'மமகாரத்தை விடு' என்று சொல்லவில்லை; அவள் குரலாகவே மாறினார். வைராக்யம் முற்றியவருடைய நெஞ்சு பிறர் துயரில் இறுகாது, இளகும் என்பதற்கு அப்பதிகமே ப்ரமாணம்.

அப்படியாயின் அத்தாய்க்கு உரியது என்ன? எம்பெருமானார் ஸ்ரீபாஷ்யத்தில், ஸமந்வயாதிகரணத்தில் அருளிய த்ருஷ்டாந்தம் ஒன்றில் விடை இருக்கிறது. விளையாட்டு மும்முரத்தில் வழிதப்பிய ராஜகுமாரன் ஒருவன், ஓர் அந்தணரிடம் வளர்ந்து கல்வியும் குணமும் நிரம்பப் பெறுகிறான். நம்பத்தக்க ஒருவர் அவனிடம், 'உன் தந்தை நாடாளும் மன்னர். இழந்த உன்னைக் காண விரும்பி நகரில் இருக்கிறார்' என்கிறார். அந்தச் சொல்லைக் கேட்டமாத்திரத்தில், தான் உயிரோடிருக்கும் தந்தையின் மகன் என்று அறிந்து, அவன் பேருவகை அடைகிறான். மகன் உயிரோடிருக்கிறான் என்று கேட்ட மன்னனும் அவ்வாறே. இருவரும் சேர்வது அதற்குப் பின்புதான். சேருமுன்பே, உள்ளதை உள்ளபடி அறிவதே புருஷார்த்தம் என்பது இங்கு ஸ்வாமியின் திருவுள்ளம். ப்ரஹ்மத்தைப் பற்றிய வாக்கியங்களுக்குப் பயனுண்டு என்று நிலைநாட்டவே ஸ்வாமி இதை எடுத்தாலும், மனித வாழ்விலும் இந்த நியாயம் பழுதின்றிச் செல்லும்.

அத்தாய் வேண்டுவதும் இவ்வளவே: என் பிள்ளை இருக்கிறானா? நான் அவனை விற்கவில்லை என்று அவனுக்குத் தெரியுமா? இவ்விரண்டையும் எந்த நன்மையின் பெயராலும் மறுக்கலாகாது. அவன் அவளோடு வந்து வாழ்வதும் வாராதிருப்பதும் அவன் விருப்பம். ராஜகுமாரனை வளர்த்த அந்தணரின் பெருமை, அவன் தன் தந்தையை அறிந்ததனால் குறைந்துவிடவில்லை.

இதைத் தத்தெடுத்தலுக்கு எதிரான வார்த்தையாக எவரும் கொள்ளவேண்டா. துளசி வனத்தில் கண்டெடுத்த கோதையைப் பெரியாழ்வார் வளர்த்தார். மூங்கில் புதரில் கிடந்த திருமழிசைப்பிரானைத் திருவாளனும் பங்கயச்செல்வியும் எடுத்து வளர்த்தனர். வளர்ப்பு நம் ஸம்ப்ரதாயத்தில் கைங்கர்யமாகவே விளங்குகிறது. அங்கெல்லாம் கண்டெடுத்தவர்கள் இருக்கிறார்களேயன்றிப் பறித்தவர்கள் இல்லை. பொய்ப் பத்திரமும் இல்லை.

நம் நாட்டுச் சட்டமும் மெல்ல இவ்வழிக்கு வந்திருக்கிறது. 1984-இல் லக்ஷ்மிகாந்த் பாண்டே வழக்கில் உச்சநீதிமன்றம் வெளிநாட்டுத் தத்துக்கு நெறிகளை வகுத்தது; 2003-இல் இந்தியா ஹேக் உடன்படிக்கையை ஏற்றது. 2015-ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டம், குழந்தையை ஒப்படைத்த பெற்றோர் மறுபரிசீலனை செய்ய 60 நாள் அவகாசம் அளிக்கிறது. தத்துப் போனவர் பதினெட்டு வயதுக்குப்பின் தம் வேர்களைத் தேட விண்ணப்பிக்கலாம். ஆயினும் அத்தேடல் பழைய காகிதங்களை நம்பியே நடக்க வேண்டும். காகிதம் பொய்யாயின் பிள்ளை தேடிச் சென்றாலும் தாயைச் சேர மாட்டான். அவள் தன் பக்கத்திலிருந்து தேடுவதும் அதனாலேயே இன்றியமையாததாகிறது.

உலகெங்கும் பரந்துள்ள பாகவதர்களில், தத்துப் பிள்ளையை வளர்ப்பவர்களும் தத்துப் பிள்ளையாக வளர்ந்தவர்களும் இருக்கக்கூடும். வளர்ப்பவர்களிடம் அடியேனின் விண்ணப்பம்: பத்திரங்களைப் பத்திரமாக வையுங்கள், பிள்ளையிடம் உண்மையைச் சொல்லுங்கள், என்றேனும் ஒரு கடிதம் வந்தால், கதவைச் சாத்துமுன் பெருமாள் திருமொழியின் ஏழாம் பதிகத்தை ஒருமுறை அநுஸந்தியுங்கள். தம் வீட்டுப் பெண் கலங்கி நிற்கும்போது அவமானத்துக்கு அஞ்சும் பெற்றோரிடம் இன்னொரு விண்ணப்பம்: அவளிடம் கையெழுத்துக் கேட்கும் கை யாருடைய கை என்று எண்ணிப் பாருங்கள். தேவகியின் எதிரே நின்றவன் அவளுடைய உடன்பிறந்தவன் முறையாகிய கம்ஸனே.

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்.

அடியேன் ராமாநுஜ தாஸன்