அறைக்கு வெளியே பத்து நிமிஷம்

15 வயதுப் பையனை டாக்டரிடம் அழைத்துச் செல்லும் தகப்பன், பையன் சொல்ல வேண்டிய பதிலையெல்லாம் தானே சொல்லிவிடுகிறான். அடியேனும் அப்படித்தான் செய்தேன். மகனுக்கு விடாத இருமல். "சிகரெட், வேப் ஏதும் உண்டா?" என்று டாக்டரம்மா அவனைப் பார்த்துக் கேட்க, "எங்கள் வீட்டில் அதெல்லாம் கிடையாது" என்று நான் முந்திக்கொண்டேன். "நீங்கள் பத்து நிமிஷம் வெளியே இருங்கள்" என்றார் அவர். காசு கொடுப்பவன் நான், என்னையா வெளியேற்றுவது என்று கோபம் வந்தது உண்மை.

அந்தக் கோபம் நியாயந்தானா? வியாபாரிகளாகிய நாம் இதை நம் பற்றுப் புத்தகத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். ஒருவருடைய பாக்கியை அவர் அண்ணன் வந்து கேட்டால் சொல்லுவோமா? சொன்னால் அவர் மட்டுமல்ல, கேள்விப்பட்ட நாலு பேரும் நம் கடைப்படி ஏறமாட்டார்கள். உடம்பின் கணக்கு அதைவிடப் பெரிய அமானிதமன்றோ? அத்தா காதில் விழும் என்று தெரிந்தால் பையன் பொய்தான் சொல்லுவான். பொய்யைக் கேட்டு எழுதிய மருந்து என்ன குணம் தரும்?

இங்கிலாந்தில் இவ்விவகாரம் உச்ச மன்றம் வரை போயிற்று. 16 வயதுக்குட்பட்ட தம் பெண்மக்களுக்குத் தம்மைக் கேளாமல் கருத்தடை ஆலோசனையோ சிகிச்சையோ தரலாகாது என்று கில்லிக் என்ற தாயார் வழக்காடினார். விஷயத்தை முழுதும் விளங்கிக்கொள்ளும் அறிவு பிள்ளைக்கு இருந்தால் அதன் சம்மதமே போதும் என்று பிரபுக்கள் சபை 1985-ல் 3-க்கு 2 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. அந்தத் தாயின் அச்சத்தை நான் கேலி செய்யமாட்டேன். பெண்ணைப் பெற்றவர்களுக்கு அது விளங்கும். மலேசியாவிலோ 1971-ஆம் ஆண்டுச் சட்டப்படி 18 வயது நிரம்பினால்தான் பராயம். ஆனால் தகப்பன் கையெழுத்துப் போடுவது வேறு, பிள்ளை மனம் திறப்பது வேறு.

எல்லாவற்றையும் மூடி மறைப்பதும் சரியன்று. "நீ சொல்வது என்னோடு இருக்கும், உன் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்தென்றால் மட்டும் பெரியவர்களிடம் சொல்லுவேன்" என்று நல்ல டாக்டர்கள் முதலிலேயே சொல்லிவிடுகிறார்கள். எல்லாம் கேட்டபின் இதைச் சொன்னால் ஏமாற்று. கேள்விகளுக்கும் ஒரு வரிசை உண்டு. அமெரிக்காவில் ஹார்வி பெர்மன் 1972-ல் வகுத்து, கோல்டன்ரிங், கோஹன் என்ற டாக்டர்கள் 1988-ல் விரித்தெழுதிய முறை அது. வீடு, பள்ளி, பொழுதுபோக்கு என்று தொடங்கி, போதை, பாலுறவு, உயிரை மாய்க்கும் எண்ணம் ஆகியவற்றைப் பிறகுதான் தொடுகிறார்கள். புதிதாக வந்தவரிடம் ஊர் விசாரித்துவிட்டுத்தானே நாமும் விலை பேசுகிறோம்?

மகன் வெளியே வந்தபோது முகம் சற்றுத் தெளிந்திருந்தது. "என்ன கேட்டாங்க?" என்றேன். "ஸ்கூலைப் பத்தி, அத்தா" என்றான். டாக்டரம்மாவும் மருந்துக்கு மேல் ஒன்றும் பேசவில்லை. மூன்றாம் நாள் கடை சாத்தும் நேரத்தில் அவனே அருகில் வந்து ஒரு விஷயம் சொன்னான். அதை இங்கே எழுத எனக்கு உரிமையில்லை.