டாக்டரின் சாதியைக் கேட்கலாமா?

'நீங்க என்ன ஆளுங்க?' என்கிற கேள்வியை டீக்கடையிலும், வாடகைக்கு வீடு பார்க்கப் போன இடத்திலும் கேட்டுக் கேட்டு அலுத்தவர்கள் நாம். அந்தக் கேள்வியை ஒழிக்கத்தான் இயக்கம் நடத்துகிறோம். அப்படியிருக்க, மனசு சரியில்லை என்று வைத்தியத்துக்குப் போகும் நம் பிள்ளை, உள்ளே நுழையுமுன் "டாக்டர் என்ன ஆளு?" என்று விசாரித்தால் அது முறையா? முறையல்ல என்கிறார்கள் தோழர்கள் சிலர். கால் ஒடிஞ்சா கட்டுப் போடறவன் சாதியப் பாப்பியா என்பது அவர்கள் வாதம்.

எனக்கு இது ஒப்பவில்லை. உடம்பு வைத்தியமே இங்கு சாதி இல்லாமல் நடந்ததில்லை. அம்பேத்கர் தன் நினைவுக் குறிப்புகளில் 1929 டிசம்பர் 'யங் இந்தியா'வில் வந்த ஒரு கடிதத்தை எடுத்துக்காட்டுகிறார். கத்தியவாரில் ஒரு தலித் பள்ளி ஆசிரியரின் மனைவி பிரசவித்து நோயுற்றுக் கிடந்தார். டாக்டர் சேரிக்குள் வர மறுத்தார். பச்சைப் பிள்ளைக்காரியை வெளியே கொண்டுவரச் சொல்லி, தெர்மாமீட்டரை ஒரு முஸ்லிமிடம் கொடுத்தார். அவர் கணவனிடம் கொடுக்க, கணவன் மனைவியிடம் கொடுத்தார். அது அதே வழியில் திரும்பி வந்தது. அந்த அம்மா பிழைக்கவில்லை. தொடாமல் காய்ச்சலையாவது அளந்துவிடலாம். மனசை அளக்கத் தெர்மாமீட்டர் கிடையாது. நாம் வாய்விட்டுச் சொல்வதுதான் எக்ஸ்ரே. கேட்பவர் காது எங்கே அடைத்துக்கொள்கிறதோ, அங்கே நம் நோயும் பாதியில் நின்றுபோகும்.

என் அனுபவத்தில் ஒன்று. ஒரு கவுன்சலரிடம் ஊரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். இடைமறித்து, "சாதியெல்லாம் இப்ப யாரு சார் பாக்கறா? நீங்கதான் அதையே நெனச்சுக்கிட்டு இருக்கீங்க" என்றார். அன்பாகத்தான் சொன்னார். அதற்குப் பிறகு ஏழெட்டுத் தடவை போனேன். தூக்கம் பற்றிப் பேசினேன், சாப்பாடு பற்றிப் பேசினேன். ஊரைப் பற்றி வாய் திறக்கவில்லை. பீஸ் மட்டும் ஒழுங்காகக் கொடுத்தேன்.

அந்த அன்பான வாக்கியத்துக்குள் ஒரு தத்துவம் இருக்கிறது. காயம் உனக்குள்தான் இருக்கிறது, வெளியே ஒன்றுமில்லை என்கிற தத்துவம். ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் ரோஹித் வெமுலா 2016 ஜனவரி 17 அன்று இறந்தார். அதற்கு முன்பே உதவித்தொகை நின்றிருந்தது, விடுதியை விட்டு வெளியேற்றியிருந்தார்கள். பின்னர் வந்த ரூபன்வால் கமிஷன் சொந்த விரக்தியே காரணம் என்றது. கவுன்சலர் அறையில் சொல்லப்படுவதும் கமிஷன் எழுதுவதும் ஒரே வாக்கியம்தான்.

ஆனால் இதோடு விட்டுவிட்டால் நானும் பாதி உண்மைதான் சொன்னவனாவேன். ஒரு மாணவர் சொல்கிறார்: "மெஸ்ல எல்லாரும் என்னையே பாக்கறாங்க, என்னைப் பத்தியே பேசறாங்க." நிஜமாகவே பார்க்கிறார்களா? பார்க்கக்கூடும். உதவித்தொகைப் பட்டியல் நோட்டீஸ் போர்டில் ஒட்டப்பட்ட மறுநாள் மெஸ்ஸில் உட்கார்ந்து பார்த்தவனுக்கு அது தெரியும். அதே வாக்கியம் ஒரு தீவிர மனநோயின் தொடக்கமாகவும் இருக்கலாம். இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். யாரும் தன்னை அப்படிப் பார்த்தே அறியாத டாக்டர் இதை உடனே சந்தேக நோய் என்று எழுதிவிடுவார். நம்மவர் அல்லது நம் தோழர் ஒருவர், 'எல்லாம் சாதிதான்' என்று தோளில் தட்டி அனுப்பி, நோயைக் கோட்டை விட்டுவிடுவார். இரண்டு பேரும் விசாரிக்கவில்லை. இயக்கத்திலும் இந்தக் கோளாறு உண்டு. "போராட்டத்துல எறங்கு, எல்லாஞ் சரியாப்பூடும்" என்பார்கள். மாத்திரை தேவைப்படுகிறவனுக்கு மாத்திரைதான் கொடுக்க வேண்டும். துண்டறிக்கையைக் கொடுக்கக் கூடாது.

மேலே சொன்ன மாணவர் நான் அறிந்தவர். மூன்றாவதாகப் போன இடத்தில்தான் அவருக்குச் சரிப்பட்டது. அரசு மருத்துவமனையில் ஓர் அம்மா, மேல்சாதிதான். "மெஸ்ல யாரு யாரு எங்க உக்காருவாங்க, வரைஞ்சு காட்டுப்பா" என்று காகிதம் கொடுத்திருக்கிறார். பிறகு தூக்கத்தையும் குரல் ஏதும் கேட்கிறதா என்பதையும் விசாரித்து, மாத்திரையும் எழுதினார். கூட்டம் நெரியும் ஓ.பி.யில் இவ்வளவும் பத்து நிமிஷத்துக்குள்.

ஃபனானை இங்கே நினைத்துக்கொள்கிறேன். 1953இல் அல்ஜீரியாவின் பிளிடா மனநல மருத்துவமனைக்கு வந்த கறுப்பின மருத்துவர். காலனியத்தின் காயம் அறிந்தவர்தான். ஆனாலும் ஐரோப்பியப் பெண்கள் வார்டில் பலித்த கூட்டு வைத்திய முறைகள் முஸ்லிம் ஆண்கள் வார்டில் பலிக்கவில்லை. நோயாளிகளோடு பேச அவருக்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டார். அவர் நோயாளிகளைக் குறை சொல்லவில்லை; முறையை மாற்றினார். அவர்கள் பழகிய மாதிரி ஒரு காபிக் கடை வைத்தார், கதைசொல்லியை வரவழைத்தார். 1956இல் வேலையையே விட்டு விலகினார். ஒடுக்கப்பட்டவர் என்பதாலேயே ஒருவருக்கு நம் பேச்சு புரிந்துவிடாது. புரியாத இடத்தில் தன் முறையை மாற்றிக்கொள்கிறாரா என்பதே கேள்வி.

ஆகவே டாக்டரின் சாதியைக் கேட்பதைவிட, சாதியைப் பற்றி டாக்டரிடம் கேட்பது உபயோகம். முதல் நாளே கேட்கலாம்: "சாதியால வந்த கஷ்டம்னு ஒருத்தர் சொன்னா எப்படிப் பாப்பீங்க?" கோபப்பட்டால் அடுத்த இடம் பார்க்கலாம். 'எனக்கு அதிகம் தெரியாது, சொல்லுங்க' என்றால் இருக்கலாம். அதற்காக நம் பிள்ளையே காசு கொடுத்து அவருக்குச் சாதிப் பாடம் எடுக்க வேண்டுமா என்றால், அது அநியாயம்தான். அதனால் ஒரு தலித் மருத்துவர் வேண்டும் என்று தேடுகிறவரை நான் குறை சொல்லமாட்டேன். அவர் கேட்பது ஒதுக்குவதற்காக அல்ல; சொன்னதையே திரும்பத் திரும்ப நிரூபிக்கும் வேலையிலிருந்து ஒரு மணி நேரமாவது தப்பிப்பதற்காக. 'என்ன ஆளு' என்று ஊர்க்காரன் கேட்பதும் இதுவும் எப்படி ஒன்றாகும்?

சட்டமும் கையில் இருக்கிறது. 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலச் சட்டம் (2017), சிகிச்சையில் சாதி பாகுபாடு கூடாது என்கிறது. சமூக நிலையை வைத்து ஒருவரை மனநோயாளி என்று தீர்மானிக்கக் கூடாது என்றும் சொல்கிறது. நோயாளி சொன்னதை ரகசியமாக வைக்க வேண்டும். விடுதி வார்டனுக்குத் தெரிந்துவிடுமோ என்று பயப்படுகிறவர்கள் இதை அறிந்திருக்க வேண்டும். அவசரத்துக்கு 14416 என்ற இலவச எண் இருக்கிறது.

வன்கொடுமை வழக்கென்றால் எந்த வக்கீலிடம் போவது, யாரிடம் போகக் கூடாது என்று நம் அமைப்புகளில் இருப்பவர்களுக்கு மாவட்டவாரியாகத் தெரியும். யாரும் அச்சடித்துத் தரவில்லை. பட்டவர்கள் சொல்லிச் சொல்லிச் சேர்ந்த பட்டியல் அது. மனநல மருத்துவர்களுக்கும் அப்படி ஒன்று வேண்டும். ஆதிதிராவிடர் நல விடுதிகளில் இருக்கும் மாணவர்கள் இதைத் தொடங்கலாம். யார் காது கொடுத்துக் கேட்டார், யார் பாதியில் நிறுத்தினார், எவ்வளவு வாங்கினார் என்ற மூன்று விவரம் இருந்தால் போதும்.