மறப்பவரும் உடனிருப்பவரும்



திருக்குடும்ப விழாவாகிய இன்று, சீராக்கின் ஞானம் மூன்றாம் அதிகாரத்தை முதல் வாசகமாகக் கேட்டோம். பெற்றோரை மதிக்கச் சொல்வதோடு அது நின்றுவிடவில்லை. தந்தைக்குப் புத்தி தடுமாறினாலும் பொறுமையாய் இரு, உனக்கு வலு இருக்கிறதென்று அவரை இளக்காரமாய் நடத்தாதே என்கிறது. இன்று டிமென்ஷியா, மறதி நோய் என்கிறோமே, அந்தத் துன்பம் அன்றைய வீடுகளிலும் இருந்திருக்கிறது.

“அவருக்கு ஒண்ணும் தெரியாது” என்று நோயாளியின் எதிரிலேயே பேசிவிடுகிறோம். அது தவறு. தொடக்க நிலையில் பலருக்குத் தங்கள் மறதி நன்றாகவே தெரியும். முன்பு நான் பணியாற்றிய பங்கில் நற்கருணை கொண்டுபோன ஒரு வீட்டில், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் சட்டைப்பையில் துண்டுச் சீட்டு வைத்திருப்பார். அதில் பேரப்பிள்ளைகளின் பெயர்கள் இருக்கும். வாசலில் பிள்ளைகளின் சத்தம் கேட்டதும் எடுத்து ஒருமுறை பார்த்துக்கொள்வார். பிள்ளைகள் அவரிடம் போய், “நான் யாரு, சொல்லுங்க பார்ப்போம்” என்று கேட்பார்கள். பாசத்தில்தான் கேட்டார்கள். அவருக்கோ உள்ளங்கை வியர்த்துவிடும்.

அமெரிக்க அதிபராக இருந்த ரொனால்டு ரீகன், தமக்கு அல்சைமர் நோய் வந்திருப்பதை 1994 நவம்பரில் தம் கைப்பட எழுதி நாட்டு மக்களுக்கு அறிவித்தார். அந்தக் கடிதத்தில் அவர் கலங்கியது மனைவி நான்சியை நினைத்து. இந்த வேதனையிலிருந்து அவரைக் காப்பாற்ற வழியில்லையே என்று வருந்தினார். நோயாளியும் உடனிருப்பவருக்காகத் துயரப்படுகிறார்.

நோய் முற்றும்போது, தமக்கு மறதி இருக்கிறது என்ற உணர்வே பலருக்கு மங்கிவிடுகிறது. “எனக்கு என்ன குறை?” என்பார்கள், மாத்திரை வேண்டாம் என்பார்கள். அது பிடிவாதமல்ல, நோயின் ஒரு கூறு. அப்போது பாரம் முழுவதும் பார்த்துக்கொள்பவர் தலையில் இறங்குகிறது. பெரும்பாலும் அது மனைவி, மகள் அல்லது மருமகள். ஒரே கேள்விக்கு இருபதாவது முறை பதில் சொல்லும்போது குரல் உயர்ந்துவிடுகிறது. பிறகு குற்ற உணர்வு வாட்டுகிறது. அப்படிப்பட்டவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: உங்கள் களைப்பு பாவமல்ல. உதவி கேட்பது அன்பில் குறையுமல்ல.

தாயே மறந்தாலும் நான் உன்னை மறவேன் என்ற பொருளில் ஆண்டவர் எசாயா வழியாக வாக்களித்திருக்கிறார். ஒரு மனிதரின் மாண்பு அவருடைய நினைவாற்றலில் இல்லை. கடவுள் அவரை நினைத்திருப்பதில் இருக்கிறது. அந்த நினைவுக்கு நாமே கையும் காலுமாக இருக்க வேண்டும்.

எனவே, வீட்டில் பெரியவர்களைச் சோதிக்காதீர்கள். “தாத்தா, உங்க பேரன் வந்திருக்கேன்” என்று நீங்களே சொல்லிக் கையைப் பிடியுங்கள். மறதி கூடினால் வயதுக்கோளாறு என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். தைராய்டு கோளாறாலும் பி12 சத்துக் குறைவாலும் வரும் மறதிக்குச் சிகிச்சை உண்டு. ஒவ்வோர் அன்பியமும் தன் பகுதியில் இத்தகைய வீடுகளைக் கண்டறியட்டும். ஞாயிறுதோறும் ஒருவர் போய் அந்தப் பெரியவரோடு இரண்டு மணி நேரம் இருங்கள். அவரைப் பார்த்துக்கொள்ளும் மகள் நிம்மதியாகத் திருப்பலிக்கு வரட்டும். இந்த வாரமே தொடங்குங்கள். ஆமென்.